விசிலுக்கு மயங்கிய மோடம்

நான்கு மணிக்குத் தேர்வு முடிவு ஒட்டப்படும் என்று முதல்வர் ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார். கல்லூரி வாசலில் முந்நூறு மாணவர்கள் நின்றனர். பட்டியலோ பல்கலைக்கழகக் கணினியில் இருந்தது. அதைத் தொலைபேசி வழியே கொண்டுவர வேண்டிய மோடம், டயல் டோன் இல்லையென்று பன்னிரண்டாம் முறையாகக் கைவிரித்தது. ஆய்வகப் பொறுப்பாளர் காந்திமதி ஒயரை மாற்றினார். யுனிக்ஸ் கணினியை அணைத்து எழுப்பினார். அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படித்தார். பிழை அகப்படவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆபரேட்டர் வன்னியபெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தூத்துக்குடிக் கப்பல் கம்பெனியில் தாம் வேலை பார்த்த கதையை அவிழ்த்தார். அங்கேயும் மோடம் இப்படித்தான் படுத்துவிட்டதாம். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்க, இவர் ரிசீவரை எடுத்து மோடத்தைப் போலவே விசிலடித்தாராம். சென்னைக் கணினி ஏமாந்துபோய்ப் பெயரைக் கேட்டதாம். பெயரையும் கடவுச்சொல்லையும் விசிலிலேயே சொன்னாராம்.

தட்டச்சர் ஸ்டெல்லா விரலை நிறுத்தினாள்.

"யுனிக்ஸுக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேறயாச்சே. விசில்ல எப்படி சார் காட்டினீங்க?"

"பெரிய எழுத்துக்கு மட்டும் மூக்கால ஊதினேம்மா."

அனுப்ப வேண்டிய சரக்குப் பட்டியல் ஒன்பதாயிரம் வரி. நாலாயிரத்தில் மூச்சு முட்டிவிட்டதாம். அதுவரை ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கிளிகள் இறங்கி வந்து மிச்சத்தை ஊதினவாம். பிழை ஒரே வரியில்தானாம். அதை ஊதியது குஞ்சாம். கிளிகள் ஊதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட, ஒரு முனையைப் பல்லாலும் மறுமுனையைக் கையாலும் பிடித்துக்கொண்டாராம். பட்டியல் முழுவதும் அவர் உடம்பு வழியாகவே சென்னைக்குப் போனதாம். அதன்பின் ஒரு மாதம், இவர் தும்மினால் பக்கத்துப் பிரிண்டரில் நாற்பது மூட்டை உப்பு என்று அச்சாகுமாம்.

காந்திமதி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

"அப்ப இங்கயும் ஊதிடுங்க சார். பத்து நிமிஷம்தான் இருக்கு."

வன்னியபெருமாளுக்குத் தப்ப வழியில்லை. அதே இணைப்பிலுள்ள தொலைபேசி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அலுவலக அறையில் இருந்தது. அங்கே போய்ச் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார், கன்னத்தை உப்பினார், மேசையைப் பார்த்தார், உப்பிய கன்னம் அப்படியே அடங்கியது. ரிசீவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. மதியம் அதில் வீட்டம்மாவிடம் முருங்கைக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவரே. இருபுறமும் பார்த்துவிட்டு, அதை இரண்டு விரலால் எடுத்து இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

காந்திமதி மறுபடி விசையைத் தட்டினார். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, இணைந்தது. பட்டியல் மளமளவென்று இறங்கியது.

வன்னியபெருமாள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முன்ன மாதிரி மூச்சு இல்ல மேடம். ஆனாலும் என் விசிலுக்கு மயங்காத மோடம் கிடையாது."

காந்திமதி பிரிண்டரிலிருந்து பட்டியலைக் கிழித்தெடுத்து, ஒட்டுவதற்கு ஸ்டெல்லாவிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கண்ணாடித் தடுப்பைக் காட்டினார்.

"நாளையிலேர்ந்து வீட்டுக்குப் பேசணும்னா விசிலடிச்சே பேசிடுங்க சார். ரிசீவரைத் தொடாதீங்க."