வால் வழிமொழிந்த தீர்மானம்

ஆற்றங்கரை அத்தி மரத்தில் நாலு குடித்தனம். வேரடி வளையில் பெருச்சாளி. நடுப்பொந்தில் அணிலும் அதன் மூன்று குட்டிகளும். அதற்கு மேற்பொந்தில் கிளி. உச்சிக் கவட்டையில் குரங்கு.

மரம் எல்லாருக்கும் பொது. அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வேரடியில் கூட்டம் என்று வைத்திருந்தார்கள். வைத்ததோடு சரி.

"கூட்டத்துக்கு வரலையா, அணிலக்கா?" என்று குரங்கு கேட்கும்.

"என் பொந்தை நான் பெருக்கி வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் எனக்கெதுக்கு தம்பி?"

"நாலு பேர் கூடினா வாய்ச்சண்டைதான்" என்று கிளி பறந்துவிடும்.

"நான் தரைக்குக் கீழே இருக்கிறவன்" என்று பெருச்சாளி படுத்துக்கொள்ளும். கூட்டம் நடப்பதோ அதன் வாசலில்தான்.

குரங்கு மட்டும் தவறாமல் போகும். தனியாக உட்கார்ந்து தனக்கே வணக்கம் சொல்லும்.

"மரத்தடியில் சருகு சேர்கிறது. இலை இருந்தால்தானே சருகு விழும்? ஆகவே இலைகளைப் பறித்துவிடலாம். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றது ஒரு நாள். தானே கையைத் தூக்கியது. வழிமொழிய இன்னொருவர் வேண்டுமே! வாலைத் தூக்கியது.

"எதிர்ப்பு இல்லை. தீர்மானம் நிறைவேறியது."

சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் முழுக்க மொட்டை. அணில் எட்டிப் பார்த்தது. 'வெயில் வந்ததும் நல்லதுதான், பொந்தில் ஈரம் காயும்' என்று உள்ளே போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்கும் வேறு யாரும் போகவில்லை. அன்று அணில் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது பொந்தைக் காணோம். அந்த இடத்தில் களிமண்ணை அப்பி, குரங்கு உள்ளங்கையால் மெழுகிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"அடப் பாவி, என்னடா செய்யறே?"

"மராமத்து வேலை, அக்கா. மரத்துல ஓட்டை அதிகம், அடைக்கணும்னு தீர்மானம் ஆயிடுச்சு."

"அது ஓட்டை இல்லைடா, என் வீடு! உள்ளே என் பிள்ளைங்க இருக்கு!"

"அப்படியா? கூட்டத்துல யாரும் சொல்லலையே. வால்கூட ஒண்ணும் சொல்லலை."

அணில் பல்லாலும் நகத்தாலும் களிமண்ணைப் பிய்த்தது. மூன்று மூக்குகள் வெளியே தெரிந்தன. எண்ணிப் பார்த்தது. திரும்பவும் எண்ணியது. மூன்றும் இருந்தன.

குரங்கு கொஞ்சமும் அசையவில்லை. "தீர்மானத்தைக் கூட்டத்துலதான் மாத்த முடியும், அக்கா. அடுத்தது கிளி வீடு."

"அப்படின்னா இப்பவே கூட்டம்."

அடுத்தது தன் வீடு என்றதும் கிளி பறந்து வந்தது. பெருச்சாளி மட்டும் புரண்டு படுத்தது.

"அண்ணே, உங்க வளையும் ஓட்டைதான்" என்றது அணில்.

மறு நொடி பெருச்சாளி முன்வரிசையில் இருந்தது.

பொந்து அடைப்பதையும் இலை பறிப்பதையும் நிறுத்த வேண்டும் என்று அணில் சொன்னது. அணிலும் பெருச்சாளியும் கை தூக்கின. கிளி ஒரு காலைத் தூக்கியது. எதிர்ப்புக்குக் குரங்கு கையையும் வாலையும் தூக்கியது.

"வாலுக்கு இந்த மரத்துல தனி வீடு இருக்கா?" என்று கிளி கேட்டது.

குரங்கு மரத்தை உச்சியிலிருந்து வேர் வரை தேடிப் பார்த்தது. "இல்லை" என்று வாலை இறக்கியது. பிறகு, "அக்கா வாலும் நிமிர்ந்து நிக்குதே!" என்றது.

அணில் தன் வாலை மடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து, வாலை மடித்து உட்காருவது அணில்தான்.

பலர் சேர்ந்து வாழும் இடத்தில், கூட்டத்துக்குப் போகாதவருடைய வீட்டுக்கும் சேர்த்துப் போனவரே முடிவு செய்துவிடுவார். ஆகவே அவரவர் போய் அவரவர் கையைத் தூக்க வேண்டும்.