பேரை மட்டும்தான் கொடுத்தோம்

ஆற்றங்கரையில் ஒரு மடம். அந்த மடத்தின் பேரில் கடைகளில் கற்பூரம் விற்கும். ஆனால் மடம் கற்பூரம் செய்ததில்லை. ஆலை வைத்திருந்தவர் சபாபதி. மடம் தன் பேரையும் விளக்குச் சின்னத்தையும் ஒப்பந்தம் போட்டு அவருக்குக் கொடுத்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் ஆலை தீப்பிடித்தது. அங்கே வேலை பார்த்த செங்கமலம் என்ற பெண் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே செத்துப்போனாள். சபாபதி ஊரை விட்டே போய்விட்டார்.

செத்தவள் யாரிடம் வேலை பார்த்தவள் என்று கேட்டு, தொழிலாளர் அலுவலகத்திலிருந்து மடத்துக்குக் கடிதம் வந்தது.

மடத்துக் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிவக்கொழுந்து. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் மடத்துத் தலைவரான சாமியிடம் சீடராக வந்தவர். அவர் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன எழுதியிருக்கிறாய்?" என்றார் சாமி.

"அவள் நம் ஆள் இல்லை என்று. வேலைக்கு வைத்தது சபாபதி. நாம் பேரை மட்டும்தான் கொடுத்தோம்."

செங்கமலத்தின் புருஷன் மருதை காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். சாமி அவனை உள்ளே கூப்பிட்டார்.

"உன் சம்சாரம் யாரிடம் வேலை பார்த்தாள்?"

"உங்ககிட்டதான் சாமி. மடத்து வேலை, மடத்து வேலைன்னு தெருவெல்லாம் பீத்திக்குவா. கவுச்சி சாப்பிட்டுட்டு வரக்கூடாதுன்னு மடத்து உத்தரவாம். அதுக்காக எனக்கும் சேர்த்து மீன் குழம்பை நிறுத்திட்டா."

"இப்போது உனக்கு என்ன வேண்டும்?"

"அவ யாரோட ஆளுன்னு எழுதிக் குடுங்க. சபாபதியைத் தேடினா ஆளைக் காணோம். இங்க வந்தா எங்க ஆளில்லைங்கிறாரு இவரு. அப்ப அந்தக் கொட்டகைக்குள்ள அவளாவே போய் எரிஞ்சாளா?"

சாமி சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பினார்.

"மாதாமாதம் ஆலைக்குப் போய்க் குறிப்பு எழுதினாயே. படி."

சிவக்கொழுந்து தயங்கினார். பிறகு நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"கற்பூரம் காற்றில் கரைகிறது. ஜன்னல்களை அடைக்கவும்."

"அடுத்த மாதம்?"

"ஜன்னல்கள் அடைக்கப்பட்டன. தரம் நன்று."

மருதை மெதுவாகக் கேட்டான்: "அடைக்கச் சொன்னது நீங்கதானாங்கய்யா?"

சிவக்கொழுந்து அவன் பக்கம் திரும்பவில்லை. சாமியிடம்தான் பேசினார்.

"பேரைக் கொடுத்தவன் தரத்தைப் பார்க்காமல் விட்டால் பேரே கையை விட்டுப் போய்விடும். சட்டம் அப்படி. பார்க்கவில்லை என்று எழுதினால் பேர் போகும். பார்த்தேன் என்று எழுதினால் இந்தச் சாவு நம் தலையில் விழும். நான் எதை எழுத, சாமி?"

"எத்தனை தடவை போனாய்?"

"பதினெட்டு."

"அந்தப் பெண் எப்படி இருப்பாள்?"

சிவக்கொழுந்து யோசித்தார். மருதை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவப்பா, கறுப்பா?" என்றார் சாமி. "ஒல்லியா, பருமனா?"

சிவக்கொழுந்து நோட்டை மூடினார்.

"நான் கற்பூரத்தைத்தான் பார்த்தேன், சாமி."

சாமி அவர் எழுதி வந்த தாளை வாங்கிக் கிழித்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இப்போது சொன்னாயே, அதை எழுது. ஜன்னலையும் எழுது. கையெழுத்து நான் போடுகிறேன்."