சுற்றுப்பாதையில் ஓர் அத்திப்பழம்

ஆற்றங்கரைக் காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை ஜோடி இருந்தது. ஆணின் பெயர் மகுடன். தலைமேல் மஞ்சளாய் அவ்வளவு பெரிய கொண்டை இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெண்ணின் பெயர் வஞ்சி.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால் சாப்பாடு. இல்லையென்றால் பட்டினிதான்.

வஞ்சியும் அப்படித்தான் ஒரு மருதமரத்துப் பொந்தில் இருந்தாள். குஞ்சு பொரித்து, அது கண் திறக்கும் நேரம். மகுடன் அத்திப்பழம் பறிப்பான். பறந்து வருவான். ஊட்டுவான். மறுபடியும் பறப்பான்.

"நீங்க ஒண்ணு சாப்பிட்டீங்களா?" என்பாள் வஞ்சி.

"அட, நீ வாங்கிக்கோ! பிள்ளைக்குக் கொடு!" என்பான் மகுடன்.

அந்தக் காட்டில் மனிதர்கள் நடக்க ஒரு பாதை இருந்தது. ஆற்றை ஒட்டியே போகும். மூங்கில் காட்டுக்குள் வளையும். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேரும். மேடு பள்ளம் கிடையாது, குழந்தைகூட நடக்கலாம். காலையில் ஆற்றின்மேல் பனி மிதக்கும். இலைகளுக்கு நடுவே வெயில் மெல்ல இறங்கும். நீர்நாய்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் முழுகும். அங்கே வருகிறவர்கள் தூக்கத்தில் நடப்பது போல மெதுவாக நடந்தார்கள். பேசினாலும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள்.

ஒரு நாள் மகுடன் வாயில் பழத்தோடு அந்தப் பாதையைக் கடந்தான்.

"அப்பா, அங்க பாருங்க! வாயில பழம்!" என்றாள் ஒரு சின்னப் பெண்.

பைனாகுலர்கள் மேலே எழுந்தன.

"அது பொண்டாட்டி பிள்ளைக்கு எடுத்துட்டுப் போகுதும்மா. தான் சாப்பிடாட்டியும் அவங்களுக்குக் கொடுக்கும்" என்றார் அப்பா.

"ஐயோ, என்ன பாசம்!"

அவ்வளவுதான்! மகுடனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கிளையில் உட்கார்ந்தான். கழுத்தை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். அவர்கள் நடந்தார்கள். இவனும் அடுத்த கிளைக்குப் போனான். மூங்கில் காட்டைச் சுற்றி, ஆற்றங்கரையைச் சுற்றி, முழுச் சுற்றும் கூடவே வந்தான். முடியும் இடத்தில் அடுத்த கூட்டம் வந்து நின்றது!

'பழத்தைக் கொடுத்துவிட்டால் வாய் காலியாகிவிடுமே. வெறும் வாயை யார் மெச்சுவார்கள்?' என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி. திரும்பவும் சுற்றினான். மறுநாளும் சுற்றினான்.

பொந்துக்குள் வஞ்சி கீறல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு ஆறும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. அவர் மட்டும் தெரியவில்லை. சுவரை உடைத்து வெளியே போகலாமா என்று யோசித்தாள். போய் என்ன செய்வது? சிறகில்லை. மரத்தடியில் மரநாய் வேறு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. குஞ்சின் குரல் வரவரத் தேய்ந்துகொண்டே போனது.

பக்கத்துக் கிளையில் செவலை என்றொரு மலையணில் இருந்தாள். அவள் காதில் அந்தக் குரல் விழுந்தது. பதறிப்போய் மகுடனிடம் ஓடினாள்.

"அண்ணே! வீட்டுக்கு வாங்க! பிள்ளைக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை!"

"உஷ்! ஆளுங்க பாக்கறாங்க!" பழம் விழாமல் அலகோரமாகப் பேசினான் மகுடன். "இந்த ஒரு சுத்து முடிஞ்சதும் வந்துடறேன்."

"வாயில இருக்கற பழம் யாருக்கு?"

"என் பிள்ளைக்குத்தான்! ஊருக்கே தெரியுமே!"

செவலைக்கு வந்ததே கோபம்! "நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டுத் தானே அத்திமரத்தில் ஏறினாள். பழம் பறித்தாள். மருதமரத்தில் தொங்கி, தன் சின்னக் கையால் கீறல் வழியே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அன்றும் செய்தாள், அதற்கடுத்த நாட்களிலும் செய்தாள். குஞ்சு பிழைத்தது, வளர்ந்தது.

பிறகு ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் ஒருவரும் வரவில்லை. மகுடன் பழத்தோடு காத்திருந்தான். ஆறு புகை போல மங்கிக் கிடந்தது. பார்க்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு வீட்டு நினைப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று? நனைந்த சிறகோடு விழுந்தடித்துப் பறந்தான்.

"வஞ்சி! வஞ்சி! வந்துட்டேன்!" என்று கீறலுக்குள் அலகை நீட்டினான்.

உள்ளே குஞ்சு அலறியது. "அம்மா! ஏதோ பெருசா வருது! பயமா இருக்கு! செவலை அத்தை எங்கே?"

வஞ்சி அதை அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே, கண்ணு. அது உன் அப்பாதான். பாதையில போறவங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். உனக்குத்தான் தெரியலை."

மகுடன் தலை குனிந்து அழுதான். மழை பெய்துகொண்டே இருந்தது. நீட்டிய பழம் அப்படியே இருந்தது, அதை வாங்க உள்ளிருந்து ஓர் அலகும் நீளவில்லை.

பாசத்தை நாலு பேர் பார்க்கச் சுமந்து திரிகிறவன், அதற்காகக் காத்திருந்தவர்களுக்கே அந்நியனாகிப் போவான்.