எட்டுக் கொம்பு ரவுட்டர்

"எட்டுக் கொம்பு வெச்சும் வேகம் ஏறல தாயே!" என்று வந்து நின்றார் தணிகாசலம்.

குரு அங்கயற்கண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிட இருபது வயது இளையவர். அதிலெல்லாம் தணிகாசலத்துக்குக் கூச்சமே கிடையாது. மனைவி காலமான பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இந்த மலை மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்தவர் சும்மா இருந்தாரா? கையோடு வைஃபையும் கொண்டுவந்துவிட்டார்.

பின்னே, கட்டிக்கொடுத்த மகள் பூங்கோதை கனடாவில் அல்லவா இருக்கிறாள்! ஞாயிறு காலையில் கூப்பிடுவாள். அந்த ஒரு அழைப்பை நம்பித்தான் மனுஷன் வாரம் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு ஐயா?"

"பேசிக்கிட்டிருக்கும்போதே அறுந்துபோகுது. முன்னெல்லாம் அரை மணி பேசுவா. வர வர சுருங்கிக்கிட்டே வருது. ஒருநாள் கூப்பிடாமலே விட்டுருவாளோன்னு பயமா இருக்கு."

"அதான் புது ரவுட்டர் வந்திருக்கே?"

"பெட்டியில வேகம் ஐயாயிரம்னு போட்டிருக்கான். என் போன் நானூத்து முப்பத்துமூணுலயே நிக்குது. போன்ல இருக்கிறது ஒத்தை ஆன்டெனாவாம். ரவுட்டர்ல எத்தனை கொம்பு இருந்தாலும் அதுக்கு மேல ஏறாதாம். வித்துட்டு அப்புறம் சொல்றார் கடைக்காரர்!"

"மகள் முகமும் குரலும் வர எவ்வளவு வேணும்?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"அஞ்சு இருந்தாலே தாராளம்."

குரு ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"அந்த ஒத்தை ஆன்டெனா பேசவும் செய்யுது, கேக்கவும் செய்யுது. எப்படி?"

"மாறி மாறித்தான் தாயே. பேசறப்ப கேக்காது. பேச்சை நிறுத்தினாத்தான் கேக்கும்." தெரிந்ததைச் சொல்வதில் அவருக்கு ஒரே குஷி.

"சரி. ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஞாயிறு வந்தது. போன் ஒலித்தது.

"கேக்குதா கோதை? படம் தெளிவா இருக்கா? இரு, புது ரவுட்டரைக் காட்டறேன்!"

போனைத் திருப்பிப் பிடித்தார். கொம்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்..."

"இரு இரு, இந்தப் பச்சை விளக்கைப் பாரு. எப்படி மின்னுது!"

காட்டி முடித்துத் திருப்பினால் திரை இருட்டு.

"பாத்தீங்களா தாயே! அறுந்துபோச்சு!"

"அறுந்துபோகல ஐயா. 'வெச்சிடறேன்பா'ன்னு சொல்லிட்டுத்தான் வெச்சாங்க."

"எப்ப சொன்னா?"

"நீங்க கடைசிக் கொம்பைக் காட்டறப்ப."

தணிகாசலத்தின் முகம் செத்துவிட்டது.

"மகள் முகம் இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

யோசித்தார். யோசித்து யோசித்துப் பார்த்தார். பாவம், பச்சை விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

குரு போனை வாங்கினார். பூங்கோதைக்கு மறுபடி அழைப்புப் போட்டுத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். தன் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

பூங்கோதை எடுத்தாள்.

தணிகாசலம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

திரையையே பார்த்தார். அவள் கண்கள் வீங்கியிருந்தன. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறாளோ! கேக்குதா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"அவர் என்னை விட்டுட்டுப் போய் மூணு மாசமாச்சுப்பா," என்றாள் பூங்கோதை. "இந்த வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். வாரா வாரம் உங்ககிட்ட சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தணிகாசலம் அசையவில்லை.

"அப்பா... கேக்குதா?"

"கேக்குதும்மா."