கத்தக் கற்ற தேவாங்கு

மலையடிக் காட்டில் ஒரு பெரிய புளியமரம். அதில் குரங்குக் கூட்டத்தோடு ஒரு தேவாங்கும் வாழ்ந்தது. அதன் பெயர் மெல்லான்.

ஒரு புயலில் தாயை இழந்து, குட்டியாக நனைந்து கிடந்தது அது. செவந்தி என்ற குரங்குதான் அதைத் தூக்கிவந்து, தன் மகன் துடியனோடு சேர்த்து வளர்த்தாள்.

துடியன் கிளைக்குக் கிளை தாவுவான். மெல்லான் ஒரு கையை எடுத்து வைப்பதற்குள் துடியன் மரத்தையே சுற்றி வந்துவிடுவான்! ஏதாவது சலசலத்தால் போதும், மெல்லான் அப்படியே உறைந்துபோவான்.

"இந்தப் பயந்தாங்கொள்ளி நம் கூட்டத்துக்கு எதற்கு?" என்று சலித்துக்கொண்டான் தலைவன் கட்டையன்.

செவந்தி மெல்லானை அணைத்துக்கொண்டாள். "உனக்குத் தாவ வராது, கண்ணு. வேண்டாம், விடு. ஆனால் ஆபத்தைப் பார்த்தால் கத்த வேண்டும். ஒருவர் கத்தினால்தான் எல்லோரும் பிழைப்போம். எங்கே, கத்து!"

முதலில் 'கீச்' என்ற சத்தம்கூடச் சரியாக வரவில்லை. அவள் விடவில்லை. பல நாள் பழக்கினாள்.

ஒரு நாள் அந்தி நேரம். குரங்குகள் அலுத்துப்போய்க் கண்ணயர்ந்தன. மெல்லான் மட்டும் விழித்திருந்தான். எதிர்க் கிளையில் தொங்கிய கொடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

ஐயோ! அது கொடியல்ல, மலைப்பாம்பு! தூங்கும் துடியனை நோக்கி நகர்ந்தது.

மெல்லானின் உடம்பு உறைந்தது. 'அசையாதே! உன்னை அது பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் நீ தப்பிப்பாய்' என்றது உள்மனம். ஆனால் துடியன்?

"அம்மா! பாம்பு! பாம்பு!"

காடே அதிர்ந்தது. குரங்குகள் சிதறித் தாவின. துடியன் தப்பினான். ஏமாந்த பாம்பு மெல்லான் பக்கம் திரும்பியது. அவனால் ஓட முடியுமா? சட்டென்று செவந்தி பாய்ந்து வந்து, அவனை வாரி எடுத்து அடுத்த மரத்துக்குத் தாவினாள்.

கட்டையன் மெதுவாக அருகில் வந்தான். "எங்கள் யார் கண்ணிலும் படாதது உன் கண்ணில் எப்படியடா பட்டது?"

"ஓரிடத்தில் நின்று பார்ப்பது என் பிறவிக் குணம், தலைவரே. பெற்ற தாய் தந்தது. கத்தும் துணிச்சல் இந்த அம்மா தந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் என் தம்பி இருந்திருக்க மாட்டான்!" என்ற மெல்லான், செவந்தியின் தோளில் முகம் புதைத்துக்கொண்டான்.

கட்டையன் தான் வைத்திருந்த விளாம்பழத்தை உடைத்து, முதல் துண்டை அவனிடம் நீட்டினான்.

பிறவிக் குணமும் வளர்ந்த விதமும் சேர்ந்தே நம்மை உருவாக்குகின்றன. இரண்டுக்கும் நன்றியோடு இருப்போம்.