சாலொமோனின் சுருளில் இரண்டு வரிகள்

சாலொமோன் ராஜாவுக்கு வயதாகிவிட்டது. மனைவிமாரின் தெய்வங்களுக்காக எருசலேமின் எதிர்மலையில் அவர் கட்டிக்கொடுத்த பலிபீடங்களுக்கு மட்டும் வயதாகவில்லை. அவற்றில் அம்மோனியரின் தெய்வமான மோளோகின் பீடம் அமாவாசைக்கு ஒரு குழந்தையைத் தீப்பலியாகக் கேட்டது. தாயின் அலறல் ஊருக்குள் கேட்காதபடி மேளம் அடிப்பார்கள்.

அந்த முறை குறிக்கப்பட்டது திர்சாளின் ஏழு மாதப் பெண் குழந்தை. திர்சாள் அம்மோனிய ராணியின் வேலைக்காரி.

மலைக்கு விறகு அரண்மனைக் கிடங்கிலிருந்துதான் போகும். அமாவாசைக்கு முந்தின நாள், ஈரக் களிமண் உருண்டையில் ராஜா தம் மோதிரத்தை அழுத்திக் கொடுப்பார். அந்த முத்திரை வந்து சேராவிட்டால் ஒரு சுள்ளிகூட வெளியே போகாது. பதினொரு மாதமாக அதைக் கிடங்குக்குக் கொண்டுபோனவள் வேறு யாருமில்லை, திர்சாளேதான்.

இப்போது அவளுக்கு ஒரு நம்பிக்கை. ராஜா சாக்குத்துணி உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து மூன்று நாளாக அழுகிறாராம். விக்கிரகங்களை விட்டு மனம் திரும்பிவிட்டாராம். ஆலய ஆசாரியர் ஊசியேல் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கிடங்குக் காவலாளி மட்டும் சிரித்தான். “ராஜா அழுதால் விறகு நனைந்துவிடுமா, அக்கா?”

முத்திரை வாங்கப் போனவள் ராஜாவின் காலில் விழுந்தாள். “மனம் திரும்பிவிட்டீர்களே ராஜாவே, அந்தத் தீயை அணைக்கச் சொல்லுங்கள்.”

“திரும்பிவிட்டேன் பெண்ணே. சோறு இறங்கவில்லை எனக்கு. ஆனால் நான் உயிரோடிருக்கும்வரை அந்தப் பீடத்தின் ஒரு கல்லையும் பெயர்க்க விடமாட்டேன் என்று ராணிக்கு ஆணையிட்டுச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆணையை மீறச் சொல்கிறாயா?”

சொல்லிக்கொண்டே, கண்ணீர் தாடியில் இறங்க இறங்க, வழக்கம்போல மோதிரத்தைக் களிமண்ணில் அழுத்தி அவள் கையில் வைத்தார்.

திர்சாள் அதைப் பார்த்தாள். முற்றத்துக்கு வந்து, நாலு பேர் பார்க்க, பிசைந்து வெறும் மண்ணாக்கினாள்.

மறுநாள் மாலை பூசாரிகள் மலையேறினார்கள், மேளக்காரர்களும் வந்தார்கள். விறகு வரவில்லை. எதிர்மலை இருண்டு கிடந்தது.

விடிந்ததும் அவள் கைகளைக் கட்டி ராஜாவின் முன் நிறுத்தினார்கள். முதுகில் குழந்தை. ராஜமுத்திரையை அழித்தால் மரணம், அது சட்டம்.

“பதினொரு மாதம் கொண்டுபோனாயே, அப்போதெல்லாம் உன் கை நடுங்கவில்லையா?” என்று கேட்டார் ராஜா.

“நடுங்கியது ராஜாவே. அதற்கு மனந்திரும்புதல் என்று நான் பெயர் வைக்கவில்லை.”

“வாயை அடக்கு!” என்றார் ஊசியேல். எழுத்தரைப் பார்த்து, “ராஜாவின் வரலாற்றுச் சுருளில் எழுதிக்கொள். ராஜா மனம் திரும்பினார், மோளோகின் தீ அணைந்தது. அடுத்த வரி: திர்சாள் ராஜமுத்திரையை அழித்தாள், அவளுக்கு மரண தண்டனை.”

எழுத்தர் எழுதுகோலைக் கீழே வைத்தார். “ஐயா, இதில் ஒன்றைத்தான் எழுத முடியும். தீ அணைந்தது ராஜாவின் விருப்பம் என்றால், இவள் அவர் வேலையைச் செய்திருக்கிறாள். இவள் செய்தது குற்றம் என்றால், தீ எரிவதுதான் ராஜாவின் விருப்பம். எந்த வரியை எழுதட்டும்?”

வாசலில் வாளோடு ஒருவன் காத்திருந்தான். கிழவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் காலைவரை சாலொமோன் மனம் திரும்பியிருந்தாரா, இல்லையா? எந்த வரி உண்மை?

விடை: திரும்பவில்லை. ஆணை கல்லைப் பற்றியது. விறகு தருவதாக அவர் யாருக்கும் சொல்லவில்லை. முத்திரை போடாமல் சும்மா இருந்திருந்தால் ஆணையும் மீறப்பட்டிருக்காது, குழந்தையும் பிழைத்திருக்கும். காவலாளிக்கே புரிந்தது ஞானி சாலொமோனுக்குப் புரியாதா? கண்ணீர் பொய்யென்று யார் சொன்னது? அது துக்கம், அவ்வளவுதான். திர்சாளும் புனிதவதி இல்லை; தன் பிள்ளை என்றபோதுதான் நின்றாள். ஆனாலும் அவள் கை நின்றது, அவர் கை நிற்கவில்லை. ஆகவே அதுவரை உண்மையானது இரண்டாவது வரியே. முதல் வரியை உண்மையாக்க அவருக்கு ஒரு வழி மிச்சமிருந்தது: “முத்திரை போட்டது நான், குற்றம் என்னுடையது” என்று சபை நடுவே சொல்லி அவள் கட்டை அவிழ்ப்பது. சொன்னாரா? சுருளில் அந்த இடம் காலி. திர்சாள் என்ற பெயரும் அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.