மயிலைப் பசு முகம் சுளித்தது

அந்தக் காலத்தில், மாட்டுக்கும் வாயில் பேச்சிருந்தபோது, விடியல் பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது சத்தம்தான். சர்ர், சர்ர் என்று செம்பில் பால் இறங்கும் சத்தம். பனி விலகியபிறகுதான் கறக்கிற நாச்சிமுத்து தெரிந்தான். அவனுடைய சாம்பல் நிற மயிலைப் பசு தெரிந்தது. முளையில் கட்டிய அதன் கன்று கடைசியாகத் தெரிந்தது, எலும்பும் தோலுமாக.

"நாச்சிமுத்து, நாலு காம்பையும் வற்றக் கறந்துட்டே. என் கன்னு எதைக் குடிக்கும்?" என்றது பசு.

"பருத்திக்கொட்டை ஆட்டி வெக்கறது யாரு? நானா, உன் கன்னா?"

"நான் தின்கிறது பாலாகுது. அந்தப் பாலைத்தானே கேக்கிறேன்?"

"கன்னுக்குப் புல்லைப் போட்டிருக்குதே, கண்ணு தெரியலியா?"

"பிறந்து ஒரு அமாவாசைகூட ஆகலை. புல்லு எப்படிச் செரிக்கும்?"

"கன்னு வயிறு காஞ்சாலும் ஆத்தாளுக்கு வாய் காயலை!" என்று சிரித்தான்.

தினமும் இதே கதைதான். பசு நியாயம் கேட்கும், அவன் பதில் வைத்திருப்பான். பதில் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற ஜாதி மனிதன். கன்றின் வயிற்றுக்குப் போனது அந்தப் பதில் மட்டும்தான்.

ஒரு நாள் கன்று எழவில்லை. காலை ஊன்றிப் பார்த்தது, சரிந்தது.

நாச்சிமுத்து செம்போடு வந்தான். பசு திட்டும், என்ன சொல்லலாம் என்று யோசித்தபடியே வந்தான். பசு வாயைத் திறக்கவில்லை. திரும்பி அவனைப் பார்த்தது. அப்போதெல்லாம் மாட்டு நெற்றி கழுவிய கல் போல வழவழவென்றிருக்கும். அந்த நெற்றியில் இருந்த மயிர் அத்தனையும் ஒரே புள்ளியை நோக்கி முறுக்கிக்கொண்டது. முகம் சுளித்தது பசு.

"என்ன?" என்றான்.

பசு அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து மழை, புல்லு நனைஞ்சு போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

சுளிப்பு அப்படியே இருந்தது.

"பாலுக்கு ஆள் காத்துட்டு நிக்கிறாங்க. ஊட்டுல சோறு வேண்டாமா? சொல்லித் தொலையேன்!"

சாணிக் கூடையோடு வந்த பெண்டாட்டி பொன்னாத்தா நின்றாள். "ஏனுங்க, அது ஒண்ணுமே கேக்கலியே. யாருக்குப் பதில் சொல்லீட்டு இருக்கறீங்க?"

அவன் கையை நனைத்து அந்த நெற்றியைத் தடவினான். மயிர் படியவில்லை. எண்ணெய் வைத்து அழுத்தினான். கையை எடுத்ததும் மறுபடி முறுக்கிக்கொண்டது. அவனிடம் இருந்த பதில்களில் ஒன்றுகூட அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கன்றைத் தூக்கி வந்து மடியில் முட்டவிட்டு, ஒரு காம்பை அதற்கென்று விட்டான்.

கன்று குடித்தது. பிழைத்தது. நெற்றி மட்டும் இளகவில்லை. இனி பேசி என்ன என்று பசு பேச்சையும் விட்டது.

அன்றைக்கு விழுந்த சுளிப்புதான் இன்றுவரை மாட்டு நெற்றியில் சுழியாக நிற்கிறது. சந்தையில் அதை விரலால் தடவி, நல்ல சுழியா கெட்ட சுழியா என்று பலன் பார்க்கிறார்கள். கோபம் என்று ஒருத்தனும் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து நின்ற பொன்னாத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாணி அள்ளக் குனிந்தாள்.